ஒரே கிண்ணம், மூன்று கரண்டி

“மூணு மாசமா வர்றேன். நீ எனக்கு இன்னும் ஒண்ணுமே கத்துக்கொடுக்கலை” என்றார் சிவப்பிரகாசம்.

தாரணி அடுப்பைப் பற்றவைத்தாள்.

“இன்னைக்கும் எனக்கு ருசி புலப்படலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை வரமாட்டேன். சொல்லிட்டேன்.”

“சரிங்க சார்.”

அவர் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவர். அவள் அவரிடம் படித்து, அதே பாடத்தில் இரண்டு முறை தோற்றவள். வகுப்பில் அவர் கேள்வி கேட்டால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அவள் கேட்டால் அதற்கு வாய் என்று பெயர்.

இப்போது அவள் கோவையில் ஒரு மாடி வீட்டில் இரும்பு வாணலியில் காபிக்கொட்டை வறுக்கிறாள். வறுக்கவும் ருசி பார்க்கவும் கற்றுத்தருகிறாள். ஓய்வு பெற்ற அவர் மாணவராகச் சேர்ந்திருக்கிறார். ‘சார்’ மட்டும் மாறவில்லை.

அன்றைய கொட்டை சீனாவில், யுன்னான் மலையில் விளைந்தது. அங்கே டாக்டருக்குப் படிக்கும் தோழி ஒருத்தி பெட்டியில் துணிகளுக்கு நடுவே கொண்டுவந்தது. எல்லாம் தீர்ந்து ஒரு சிறு கைப்பிடிதான் மிச்சம். வறுத்து, கருகியதைப் பொறுக்கி எறிந்தால் ஒரு கிண்ணத்துக்குக் காணும்.

பையின் மேல் ‘ஹனி’ என்று எழுதியிருந்தது.

“தேன் கலந்திருக்காங்களா?”

“இல்லைங்க சார்.”

“அப்ப எதுக்குத் தேன்னு பேரு? பொய்தானே?”

“தேன்மிட்டாய்ல தேன் இருக்குதுங்களா?”

“அது கொழந்தைங்களை ஏமாத்தறது.”

“சின்ன வயசுல நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா சார்?”

அவர் தான் கொண்டுவந்திருந்த தெர்மாமீட்டரைத் துடைத்தார்.

“பழத்தோலை மட்டும் உரிப்பாங்க” என்றாள் தாரணி. “உள்ளே கொட்டை மேல வழுவழுன்னு ஒண்ணு ஒட்டியிருக்கும். அதைக் கழுவாம அப்படியே காயப்போடுவாங்க. காயக் காய, தேன் கணக்கா பிசுபிசுங்கும். அதான் பேரு.”

“கழுவாமயா?”

“கழுவாமத்தான்.”

அவர் முகத்தைச் சுளித்தார்.

வாணலியில் கொட்டைகள் பட்பட்டென்று வெடிக்க ஆரம்பித்தன.

“நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி” என்றார்.

தாரணி கிளறிக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டு டிகிரி ஏறிடுச்சும்மா. நூத்தித் தொண்ணூத்தெட்டு.”

“எறக்கிரு கண்ணு” என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

தாரணி இறக்கிவிட்டாள்.

வந்தது வசந்தாமணி. கீழே வாசலில் துணி தேய்ப்பவள். துணி தீய்வதற்கு முன்பே, தீயப்போவது அவள் மூக்குக்குத் தெரியும். அவளும் மாணவிதான். அவருக்குப் பிறகு சேர்ந்தவள்.

“நான் சொன்னப்ப எறக்கலை. அந்தம்மா சொன்னதும் எறக்கறே.”

“நீங்க எவ்வளவு சூடுன்னு சொன்னீங்க சார். அவங்க போதும்னு சொன்னாங்க.”

சாயங்காலம் வரை கொட்டையை ஆறவிட்டார்கள்.

பிறகு தாரணி அதை அரைத்து, ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொட்டி, வெந்நீர் ஊற்றினாள். நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டியிருந்த நுரையைக் கரண்டியால் விலக்கி அள்ளி எறிந்தாள். மேசையில் மூன்று கரண்டிகள். நடுவில் கரண்டி கழுவ ஒரு டம்ளர் வெந்நீர்.

ஒரு கரண்டி எடு. சத்தமாக உறிஞ்சு. கரண்டியைக் கழுவு. மறுபடி எடு. மேசைக்கு இருந்த சட்டம் அவ்வளவுதான்.

சிவப்பிரகாசம் தன் பையிலிருந்து சொந்த டம்ளரை எடுத்தார்.

“என் பங்கை நான் முதல்ல எடுத்துக்கறேன். சுகாதாரம்.”

சுகாதாரம்! எந்தச் சொல்லை எழுப்பிவிட்டு அதன் நாற்காலியில் இந்தச் சொல் உட்கார்ந்ததோ.

“இன்னும் ரொம்பச் சூடுங்க சார். பொறுங்க.”

அவர் பொறுக்கவில்லை. யாரும் தொடாத கரண்டியால் ஆறு கரண்டி எடுத்து டம்ளரில் விட்டார். அண்ணாந்தார். டம்ளர் உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“காபி” என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

மற்ற இருவரும் காத்திருந்தார்கள். பிறகு உறிஞ்சினார்கள். புதுத்துணியை இழுத்துக் கிழிப்பதுபோல் சத்தம் வந்தது. கழுவினார்கள். உறிஞ்சினார்கள். கிண்ணம் ஆறிக்கொண்டே வந்தது.

நான்காவது தடவை வசந்தாமணியின் கரண்டி வாயிலேயே நின்றது.

“அட.”

“வந்துருச்சுங்களாக்கா?”

“வந்துருச்சு கண்ணு.”

“என்ன வந்துச்சு?” என்றார் அவர்.

“வெல்லப்பாகு எறக்கினப்பறம் கொப்பரை ஓரத்துல ஒட்டிக் கெடக்குமுங்க, அது. அப்பறம்… சிரிக்காதீங்க சார். இலந்தவடை.”

அவர் சிரிக்கவில்லை.

“இலந்தவடையா? காபியிலயா? எது முதல்ல வருது, இனிப்பா புளிப்பா?”

“ரெண்டும் கையைப் புடிச்சுக்கிட்டு வருதுங்க.”

“என் டம்ளர்ல அது இல்லையே! ஒரே கரைசல். ஒரே கிண்ணம்.”

“இருந்திருக்கும் சார்” என்றாள் தாரணி. “நாக்குல நிக்கவிடாம நேரா தொண்டைக்கு அனுப்பிட்டீங்க.”

“இன்னொரு கிண்ணம் போடு.”

“கொட்டை தீந்துருச்சுங்க.”

“அப்ப இதையே என் டம்ளர்ல கொஞ்சம் சாய்ச்சு ஊத்து.”

“ஊத்தினா அடியில இருக்கற மண்டி கலங்கிரும். அப்பறம் மண்டிதான் தெரியும்.”

“நீங்க ரெண்டு பேரும் கரண்டி விட்டுட்டீங்களேம்மா!”

“கழுவிட்டுத்தானே சார் விட்டோம்?”

“கழுவற தண்ணியும் ஒண்ணுதானே!”

“ஆமாங்க.”

“நான் யாரையும் வித்தியாசமா பாக்கறவன் இல்லை. இது பாக்டீரியா சம்பந்தப்பட்ட விஷயம்.”

“எனக்குச் சளிகிளி ஒண்ணுமில்லீங்க சார்” என்றாள் வசந்தாமணி.

தாரணி கிண்ணத்தின் பக்கவாட்டில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கும். அப்பறம் சில்லுன்னு போயிரும். இந்தக் கொட்டை வேற இல்லை இங்க.”

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். தன் டம்ளரைப் பார்த்தார்.

“அறிவியல்படி பாத்தா…” என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

தாரணி வாதம் செய்யவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக.

“இலந்தவடைன்னா வெறும் புளிப்பா? உப்பு, காரம்?” என்றார் வசந்தாமணியிடம்.

“இருக்குதுங்க. நுனி நாக்குல சுருக்குங்குது.”

“பெருங்காயம்?”

வசந்தாமணி கண்ணை மூடி யோசித்தாள். “அதுவும் இருக்கற மாதிரித்தானுங்க…”

“அது எப்படி இருக்க முடியும்!”

அவர் கரண்டி கிண்ணத்துக்குள் இருந்தது.

உறிஞ்சலின் முதல் பாதியில் சத்தமே வரவில்லை. காற்றுதான் போனது. இரண்டாவது பாதியில் வந்தது. மேசை அதிர வந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தார். மூடிக்கொண்டார். நாக்கை அண்ணத்தில் அழுத்தி எதையோ தேடினார்.

“இருங்க… இருங்க…” என்றார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கண்கள் மூடியபடியே கை மறுபடி கிண்ணத்தை நோக்கிப் போனது.

வசந்தாமணி சட்டென்று கிண்ணத்தின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தாள்.

“கழுவிப்போட்டு உடுங்க சார். எச்சி.”