மருதங்குடி யாருடையது?

“பட்டத்தின் மதிப்பைக் கூட்டினால் நிலம் வைத்திருப்பவன் கத்துகிறான். குறைத்தால் பட்டம் வைத்திருப்பவன் கத்துகிறான். என்னால் முடியவில்லை, ஐயா” என்றான் வேலப்பன்.

ஞாயிறுதோறும் நண்பர்களுக்கு ஆட்டம் நடத்துபவன் அவன். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதை வளர்க்கும் ஆட்டம். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் சடகோபன்.

“கத்துவது யார்?”

“ஆட்டத்தில் மேகநாதன் மருதங்குடிக்குப் பாளையக்காரன் என்ற பட்டம் பெற்றவன். சாலமன் அங்குள்ள வயலையெல்லாம் வாங்கிவிட்ட மிராசுதார். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, விளைச்சலில் பங்கு யாருக்கு என்று வாராவாரம் இதே வழக்கு. இப்போது ஆட்டத்துக்கு வெளியிலும் பேசிக்கொள்வதில்லை. இந்த ஞாயிறும் தீராவிட்டால் இனி வரப்போவதில்லை என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.”

“விதி எழுதினாயா?”

“எழுதினேன். உட்பிரிவும் எழுதினேன். உட்பிரிவுக்கு விலக்கும் எழுதினேன்.”

“விலக்குக்கு உரை?”

“பாதி முடிந்திருக்கிறது.”

சடகோபன் கண்களை மூடிக்கொண்டார். நூல் என்று ஒன்று இருந்தால் உரை வராமல் போகாது என்பது அவருக்குத் தெரியும்.

“மருதங்குடியில் உழுவது யார்?”

“குடியானவர்கள். அந்த வேடத்தை யாரும் எடுப்பதில்லை.”

“எனக்குக் கொடு.”

ஞாயிறன்று அவர் வந்து மேசையின் ஓரத்தில் அமர்ந்தார்.

“ஆட்டத்துக்காகத்தான், தப்பாக நினைக்காதீர்கள் ஐயா” என்ற மேகநாதன் குரலை உயர்த்தினான். “ஏய், உன் எஜமான் யார்?”

“நீங்கள்தான், சாமி.”

“வேலப்பா, சாலமன் காதில் விழுந்ததா என்று கேள்.”

சாலமன் முன்னால் சாய்ந்தான். “நெல்லை யாருக்கு அளப்பாய்?”

“உங்களுக்குத்தான், சாமி.”

“வேலப்பா, இப்போது அவன் காதில் விழுந்ததா என்று கேள்.”

இருவரும் மறுபடி தொடங்கினார்கள். வேலப்பன் உட்பிரிவுகளைப் புரட்டினான்.

சடகோபன் பகடையைத் தொடவில்லை.

“ஏரிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டேன்” என்றார். “ஊரே வண்டி கட்டியாயிற்று. ஆற்றைத் தாண்டி அடுத்த சீமைக்குப் போகிறோம்.”

“நாற்று நடும் நேரத்திலா?” என்றான் சாலமன்.

“ஆமாம், சாமி.”

“எல்லாருமா?” என்றான் மேகநாதன்.

“வண்ணார், நாவிதர், பூசாரி உட்பட. பாளையக்காரருக்குக் குடை பிடிப்பவன்தான் முன் வண்டியில் இருக்கிறான்.”

“வேலப்பா, இதைத் தடுக்க விதி இருக்குமே?”

வேலப்பன் தேடினான். விலக்குகளிலும் தேடினான்.

“இல்லை.”

மேகநாதன் தன் பட்டம் எழுதிய தாளைப் பார்த்தான். சாலமன் வரைபடத்தில் தன் வயல்களைப் பார்த்தான்.



பிறகு மேகநாதன் மெல்ல சாலமன் பக்கம் திரும்பினான்.

“டேய், உனக்கு ஏர் பிடிக்கத் தெரியுமா?”