ஐந்து கரித்துணிகள்

“‘சிட்டம்மா அரைக்கிற மருந்து அடுப்புப் பற்றவைக்கக்கூட ஆகாது. அதைக் கெட்டித்துச் சுட்டால் குண்டு தெற்கே போகும், பன்றி வடக்கே போகும்.’ சபையில சொன்னீங்களா இல்லையா, அண்ணே?”

“சொன்னேன். இப்பவும் சொல்றேன்.”

கொண்டல்ராயன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

கேட்ட சிட்டம்மா தலையில் மூட்டையோடு நின்றாள். பாளையத்துத் துப்பாக்கிகளுக்குப் பதினாறு வருஷமாகக் கருமருந்து அரைத்தவள். பொழுது சாய்வதற்குள் மருந்துக் கொட்டிலையும் அதை ஒட்டிய குடிசையையும் விட்டு அவள் வெளியேற வேண்டும் என்பது பாளையக்காரர் உத்தரவு. இனிமேல் மருந்து கோட்டையிலிருந்து வரும். கொண்டுவரப் போகிறவன் கொண்டல்ராயனின் மைத்துனன்.

துப்பாக்கி ஆசான் ஈட்டிமுத்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தன் சீடன் கொண்டல்ராயனைவிட நான்கு வயது குறைவு. அவரிடம் அவன் கண்ட ஒரே குறை அதுதான். வாரத்துக்கு ஒருமுறை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

“ஆசானே, நீங்களே சொல்லுங்க. கோட்டை மருந்துல அஞ்சு வெடி, இவ மருந்துல அஞ்சு வெடி சுட்டுப் பார்த்தேன். அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே அளவு. இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்?”

“சுட்ட பலகை இருக்கா?”

“மரத்துலயே கட்டி வெச்சிருக்கேன். ஊரே பார்க்கட்டும்னு.”

மூவரும் போனார்கள்.

கோட்டை மருந்தின் ஓட்டைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின.

சிட்டம்மாவின் மருந்துக்குக் கரி வட்டம். ஒன்று நட்டநடுவில். மற்றவை ஒன்றைவிட ஒன்று தள்ளி. கடைசி குண்டு பலகையின் ஓரத்தையே பிய்த்திருந்தது.

“இந்த நடுவுல இருக்கிறது?”

“அவ மருந்துல முதல் வெடி. குருட்டாம்போக்குல பட்டது.”

ஆசான் பலகையை விட்டுத் தரையைப் பார்த்தார். குனிந்தார். குழல் துடைத்துப் போட்ட துணிகளைப் பொறுக்கினார். கறுத்துக் காய்ந்து அப்பளமாக விறைத்திருந்தன.

“எத்தனை வெடி?”

“பத்து.”

“எத்தனை துணி?”

கொண்டல்ராயன் எண்ணினான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். புல்லைக் காலால் விலக்கினான்.

ஐந்து.

ஒரு வெடிக்கு ஒரு துணி. துடைக்காமல் அடுத்ததைக் கெட்டித்தால் குழலுக்குள் கரி ஏறும், குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். முதல் நாள் பாடம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது அதைச் சொல்லித் தருகிறவனே கொண்டல்ராயன்தான்.

“காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்.”

ஆசான் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“பொழுது போயிடுச்சு, ஆசானே. அவசரத்துல...”

“வெயில் உச்சியில நின்னுச்சு,” என்றாள் சிட்டம்மா. “துணி நனைக்கத் தண்ணி கொண்டாந்து வெச்சவளே நாந்தான்.”

குடம் அங்கேயே இருந்தது. அரைக் குடத்துக்கு மேல் தண்ணீர்.

கோட்டை மருந்தின் முதல் ஐந்து வெடிக்கும் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலக் குழலைத் துடைத்தது கொண்டல்ராயனுக்கு நினைவு வந்தது. அடுத்த ஐந்துக்கு? சதி என்று எதுவும் செய்யவில்லை. துடைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சதி செய்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

காது மடல் இரண்டும் எரிந்தன.

ஆசான் ஐந்து துணிகளையும் அவன் கையில் வைத்தார். சபை கூடியிருக்கும் திசையைக் கையால் காட்டினார். பிறகு தன் கஞ்சியை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

சபையில் நாற்பது பேர். பாதிப் பேர் இவனிடம் பாடம் கேட்டவர்கள்.

“ஆசானே, நீங்க சொன்னா மறுபேச்சு இருக்காது. நீங்களே போய்ச் சொல்லிடுங்களேன்.”

ஆசான் திரும்பவில்லை.

துணிகளின் கரி அவன் வியர்வையில் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது.

“சிட்டம்மா... நீயாவது கூட வாயேன்.”