ஒன்பதாவது கூடைக்கு ஒரே எறி

சேர்வராயன் மலையடிவாரத்தில் ஓலைக்கரடு என்றொரு ஊர். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே தொந்தரவு அதுதான்.

மூவரில் மூத்தவன் சடையப்பன். ஒருநாள் அவன் மனைவி செங்கமலம், "பால் பொங்கினாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். பால் பொங்கியது. சடையப்பன் கண்ணிமைக்காமல் பார்த்தான். அவள் திரும்பி வந்ததும், முதலில் இடதுபக்கம் பொங்கியது, பிறகு வலதுபக்கம் பொங்கியது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அன்று சாயங்காலமே செங்கமலம் துணிமணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"எதுலயாவது ஒண்ணுல ஜெயிச்சுட்டு வந்து கூப்பிடுங்க. வர்றேன்" என்றாள் போகும்போது.

இரண்டு மாதமாகச் சடையப்பன் மோரும் சோறுமாகவே தின்றான். துரும்பாக இளைத்துப்போனான்.

அந்தச் சமயத்தில்தான் மலைமேல் ஒரு காபித் தோட்டத்துக் காட்டில் தட்டெறியும் போட்டி நடப்பதாகச் செய்தி வந்தது. அடர்ந்த மரங்களுக்குள் ஒன்பது இடங்களில் கம்பம் நட்டு, சங்கிலி தொங்கவிட்டு, அடியில் இரும்புக்கூடை மாட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டை வீசி ஒவ்வொரு கூடையிலும் வரிசையாக விழவைக்க வேண்டும். குறைந்த எறியில் முடிக்கிற அணிக்கே வெற்றி. சடையப்பன் தன் மச்சினன் நல்லதம்பியையும் பக்கத்து வீட்டு ஒண்டிமுத்துவையும் கூட்டிக்கொண்டு மலையேறினான்.

போட்டியை நடத்தியவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர். வழி மிகவும் குறுகல், தட்டை மரத்துக்கு நடுவில் விடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் ஒன்பதாவது கூடைப்பக்கம் போய்விட்டார்.

மூவரும் முதல் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நல்லதம்பி கயிறு கட்டி ஏறி உயரத்தை அளந்தான். நாற்பத்திரண்டு முழம் இருந்தது. இருபத்தோராவது முழத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். பதினேழாவது எறியில் தட்டு அந்தக் கோட்டில் 'டக்'கென்று அடித்துத் திரும்பிப் பறந்து, முதல் கூடையில் போய் விழுந்தது. டீச்சர் அனுபவசாலி என்று மூவரும் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது கூடைக்குச் சடையப்பன் எறிந்தான். தட்டு ஒரு பலாமரத்தின் உச்சிக்கிளையில் சிக்கிக்கொண்டது. தட்டு விழுந்த இடத்தில் நின்று அடுத்ததை எறிய வேண்டும் என்பது விதி.

"ஏறுங்க மாமா" என்றான் நல்லதம்பி.

ஒண்டிமுத்து கையைக் காட்டித் தடுத்தான். "தட்டு விழுந்துடுச்சா?"

"இல்ல. மேலதான் இருக்குது."

"அப்ப எறி இன்னும் முடியல. நடந்துக்கிட்டு இருக்குது. முடியட்டும்."

இதில் குறை காண யாராலும் முடியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். பின்னால் வந்த அணிகள் எல்லாம் இவர்களைத் தாண்டிப் போயின. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, எறிந்துகொண்டிருக்கிறோம் என்று சடையப்பன் பணிவாகப் பதில் சொன்னான்.

பிற்பகலில் ஒரு குரங்கு வந்து தட்டை எடுத்தது. மோந்து பார்த்தது. அக்குளில் இடுக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவியது.

"எறி கிளம்பிடுச்சு" என்றான் ஒண்டிமுத்து.

மூவரும் கீழே ஓடினார்கள். குரங்கு மூன்றாவது கூடையைத் தாண்டியது, ஐந்தாவதைத் தாண்டியது, ஓடையைத் தாண்டியது. முள் கிழித்ததையும் சேற்றில் விழுந்ததையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. சடையப்பனுக்குச் செங்கமலத்தின் முகம்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் குரங்கு ஒன்பதாவது கம்பத்தின்மேல் உட்கார்ந்து, தட்டைக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் கூடைக்குள் போட்டது.

அங்கே நின்றிருந்த டீச்சர், இரண்டாவது கூடைக்கு எறிந்த கதையைக் கேட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொத்தப் போட்டியில் அவர்களுக்குக் கடைசி இடம் என்றார். ஆனால் ஒரே எறியில் அதிக தூரம் போன தட்டுக்குத் தனிப்பரிசாக ஓர் எவர்சில்வர் அண்டா இருந்தது. அதை எடுத்துவைத்து நோட்டைத் திறந்தார்.

"யார் கையிலிருந்து தட்டு கூடையில விழுந்துச்சோ, அவங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

சடையப்பன் பேனாவை வாங்கினான். குனிந்தான். நிமிர்ந்தான்.

"என் கையிலிருந்து விழலீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, நோட்டும் பேனாவுமாகக் காட்டுக்குள் நடந்தான்.

குரங்கு பேனாமூடியைத் தின்றதே தவிர, கையெழுத்துப் போடவில்லை. பாவம், அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நல்லதம்பி கண்டுபிடித்தான். மறுநாளே சிலேட்டும் பலப்பமும் வேர்க்கடலையும் வாங்கிக்கொண்டு மூவரும் மலையேறினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டுச் செங்கமலம் நேரில் பார்க்க வந்தாள். புருஷன் மரத்தடியில் சம்மணமிட்டு, குரங்கின் கையைப் பிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சாச்சு செங்கமலம். கையெழுத்து மட்டும் பாக்கி" என்றான்.

திட்ட வாயெடுத்தவள், அவனுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அன்றே அவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். இப்போது தினமும் மதியம் நாலு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள்.

பாடம் நன்றாகத்தான் நடக்கிறது. குரங்கு 'ஈ' வரைக்கும் வந்துவிட்டது. கூட உட்கார்ந்து படிக்கிற ஒண்டிமுத்துதான் இன்னும் 'அ'வைத் தாண்டவில்லை. குரங்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை அவன் காதைப் பிடித்துத் திருகிவிட்டதாம்.