தேர்முனைத் தெருவின் பாதி வரி

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு இதோ ஒரு வழக்கு.

கூடலப்பட்டிப் பேரூராட்சியில் தலைவர் நாற்காலி நாச்சியாருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. மேட்டுத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லி வாங்கிய நாற்காலி அது. குழாய்க்குப் பணம் வேண்டும். பணமோ தேர்முனைத் தெருவில் முடங்கிக் கிடந்தது.

அந்தத் தெருவில் தேர் திரும்ப இடம் போதாமல், ஒரு காலத்தில் சில வீடுகளின் முன்பக்கத்தை இடித்தார்கள். இடம் கொடுத்தவர்களுக்குப் பாதி வீட்டு வரி என்று பேச்சு. வீடு வீடாக அளக்கச் சோம்பல்பட்டுத் தெரு முழுவதற்கும் கொடுத்துவிட்டார்கள். இப்போது தேர் வேறு வழியாகப் போகிறது. பாதி வரி மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அதை எடுக்கலாமா என்று நாச்சியார் வாயைத் திறந்ததுதான் தாமதம், மூன்று பேர் வந்து நின்றார்கள்.

முதலில் அன்னலட்சுமி. "என் முன்னறையையே இடிக்கக் குடுத்தேம்மா. இந்த வரியைக் குறைச்சதைத் தவிர வேற ஒத்தப் பைசா வாங்கல."

அடுத்தவர் ஞானராஜ். வெளியூர்க்காரர், போன வருஷம்தான் அங்கே வீடு வாங்கியிருந்தார். "பாதி வரி வீடுன்னு சொல்லித்தாங்க விலைய ஏத்துனாங்க. வித்தவரு பணத்தோட போயிட்டாரு. நான் கடன் கட்டிக்கிட்டு இருக்கேன்."

மூன்றாவது, நாச்சியாரின் சொந்த அண்ணன் பொன்னம்பலம், மன்ற உறுப்பினரும்கூட. பரம்பரை வீடு. தேருக்காக அதில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. கீழ்த்தளத்தை ஜவுளிக்கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். குரலை அவர் உயர்த்தவே இல்லை.

"மன்றத்துல பாதிப் பேரு எனக்கு வேண்டியவங்க. பாத்துச் செய் தாயி."

நாச்சியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லாருடைய சலுகையையும் ஒரே நாளில் எடுத்தால் தெருவே திரண்டு வரும், தீர்மானம் தோற்கும். எடுக்காவிட்டால் மேட்டுத் தெருவில் தலைகாட்ட முடியாது. ஒருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாருடைய சலுகையை முதலில் எடுப்பது நியாயம்?

விடை: பொன்னம்பலத்துடையதை. அன்னலட்சுமி இடம் கொடுத்தவர். அதற்குரிய விலையைக் கொடுத்த பிறகுதான் அவர் சலுகையில் கை வைக்கலாம். ஞானராஜ் வீட்டுச் சலுகையின் லாபத்தை, அந்த வீட்டை அவருக்கு விற்றவர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞானராஜுக்குச் சலுகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அண்ணன் எதையும் கொடுக்கவில்லை, எதற்கும் விலை தரவில்லை. இது நாச்சியாருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் மன்றத்துக்கு வந்த தீர்மானம், 'கை மாறிய வீடுகளுக்கு இனிச் சலுகை இல்லை' என்பதுதான். ஞானராஜுக்காகப் பேச அந்த ஊரில் ஒருவரும் இல்லை. முன்மொழிந்தவர் பொன்னம்பலம். நாச்சியார் தலைகுனிந்தபடி கையெழுத்துப் போட்டார்.