பின்சக்கரத்தின் பங்கு

தொழிலாளர் தகராறுகளில் முப்பது ஆண்டுகள் நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர் வேதநாயகம். இரு தரப்புக்கும் சரிபாதி என்பதே அவர் அறிந்த நீதி. அறுபதைக் கடந்தபின் பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் வேகமான எஞ்சினும் புதிய பிரேக்கும் பொருத்தினார். அந்த வேலையில் அவர் குருவாக ஏற்றுக்கொண்டது, தம்மைவிட இருபது வயது இளையவரான கனகமணியை. பந்தயக் கார்களுக்கு பிரேக் அமைக்கும் பெண் அவர்.

ஞாயிறன்று கோத்தகிரிக்கு, மகள் வீட்டுக்குப் போய் மலையிறங்க வேண்டும். மனைவி அமிர்தம் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்திருந்தார்: "வண்டி நேரா நிக்கோணும். இல்லாட்டி நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

மூடிக் கிடந்த பஞ்சாலையின் நீண்ட சிமென்ட் தளத்தில் வேதநாயகம் வேகமெடுத்து பிரேக்கை மிதித்தார். வண்டியின் பின்புறம் வழுக்கியது. பாதிச் சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது.

"கோத்தகிரி பஸ் எத்தனை மணிக்குங்க?" என்றார் ஓரத்தில் நின்ற அமிர்தம்.

அவர் அருகில் நின்ற கனகமணி சிரிக்கவில்லை. "முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கை எப்படிங்க பிரிச்சு வச்சீங்க?"

"சரிபாதி, அம்மணி. நாலும் ஒரே வண்டிச் சக்கரந்தானே?"

கனகமணி அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, தாமே மெதுவாக ஓட்டிச் சட்டென்று நிறுத்தினார். வேதநாயகம் முன்சீட்டில் போய் முட்டினார்.

"எங்கீங்க ஐயா கிளம்பிட்டீங்க?"

"நானாப் போகலை, அம்மணி. தள்ளிட்டுப் போகுது!"

"வண்டிப் பாரமும் அப்படித்தான் முன்னுக்குப் போகுதுங்க. அந்நேரம் பின்சக்கரம் எதை வச்சு ரோட்டைப் பிடிக்கும்?"

வேதநாயகம் இறங்கினார். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பிரித்துவிடும் திருகை, பின்சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே போகாதபடி கடைசிவரை திருப்பினார். இம்முறை வண்டி நேராகத்தான் போனது. ஆனால் நிற்க நெடுந்தூரம் எடுத்தது. மதில் இரண்டடியில் தப்பியது.

"நேராப் போய் நேரா முட்டறதுக்கா?" என்றார் அமிர்தம்.

கனகமணி சொன்னபடி வேதநாயகம் சக்கரங்களின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனார். முன்சக்கரம் அனலாய் அடித்தது. பின்சக்கரம் சில்லென்று இருந்தது.

"பின்னது சும்மாவே வந்திருக்கு, அம்மணி."

"சும்மா வரலீங்க. அதுகிட்ட நீங்க வேலையே கேக்கலை."

வேதநாயகம் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "அப்போ எத்தனை சுத்துன்னு சொல்லிடுங்க. எழுதிக்கறேன்."

பதிலுக்கு கனகமணி காரின் பின்கதவைத் திறந்தார். "அம்மா, உக்காருங்க."

"சரியாகட்டும். அப்புறம் உக்கார்றேன்."

"நீங்க உக்காந்தாத்தாங்க சரியாகும். உங்க பாரம் இருந்தா பின்சக்கரம் இன்னுங் கொஞ்சம் தாங்கும்."

அமிர்தம் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினார். வேதநாயகம் முதலில் மெதுவாக, பிறகு சற்று வேகமாக ஓட்டி நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் கனகமணி திருகைக் கால் சுற்று மாற்றினார். ஐந்தாம் முறை வண்டி மூக்கைத் தாழ்த்தி, கனகமணி தளத்தில் கிழித்திருந்த கோட்டில் நேராக நின்றது.

"ஞாயித்துக்கிழமை வெயிலுக்கு முன்னாடியே கிளம்பிடலாங்க," என்றது பின்சீட்டுக் குரல்.

வேதநாயகம் பேனாவைத் திறந்தார். "இதுதானே முடிவான அளவு?"

"எழுதிக்குங்க ஐயா. பக்கத்துலயே அம்மா பேரையும் எழுதுங்க. அவங்க இறங்கிட்டா இந்த அளவு செல்லாதுங்க."