எம்டி சால்னாவும் பதினெட்டாம் மலையும்

கதை கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போய்விடலாம் என்று உட்காராதீர்கள். கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

சபரிமலைக்குப் போகும் வழியில், கம்பத்தில், வேலுத்தாய் என்ற அம்மாள் ஒரு ஹோட்டல் நடத்திவந்தாள். மூன்று ஊர்களில் மூன்று கிளை, எண்பது பேருக்கு வேலை. கம்பத்துக் கிளையில் கீழே அசைவம், மாடியில் சைவம். அடுப்படி தனி, பாத்திரம் தனி. மாடி ஆள் கீழே இருந்து ஒரு கரண்டிகூட எடுக்கக் கூடாது என்பது விதி. கார்த்திகை முதல் நாள் எல்லா ஊழியரையும் உட்காரவைத்து இதைச் சொல்வார்கள். அன்றே வாசலில் ஒரு பலகையும் ஏறும்: ‘மாலை போட்ட சாமிகளின் விரதம் எங்கள் பொறுப்பு.’ பலகை எழுத யாராலும் முடியும். இந்த அம்மாள் தான் எழுதியதைத் தானே நம்பினாள். அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது.

மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம், சடையப்பன் என்ற குருசாமி ஏழு சாமிகளோடு வேனில் வந்து இறங்கினார். தச்சு வேலை செய்கிற மனிதர். அவருக்கு அது பதினெட்டாம் மலை. பதினெட்டாம் முறை போகிறவர் ஒரு தென்னங்கன்றைச் சுமந்துபோய்ச் சன்னிதானத்தில் வைப்பது வழக்கம். அந்த ஒரு கன்றுக்காகத்தான் பதினேழு வருடம் தவறாமல் மலையேறியிருந்தார்.

தம்முடைய சாமிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் இலையில் உட்காருவார். அவர் முறை வந்தபோது சப்பாத்தி இருந்தது, குருமா தீர்ந்துவிட்டது. பரிமாறியவன் இசக்கிமுத்து, தூத்துக்குடிக்காரன், வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள் ஆனவன். அவன் முன்பு வேலை பார்த்த கடையில் எம்டி சால்னா என்றால் தேங்காயும் தக்காளியும் கசகசாவும் போட்ட வெறும் குழம்பு. சாமி பசியோடு காத்திருக்கிறாரே என்று கீழே ஓடி, “ஒரு கிண்ணம் எம்டி சால்னா” என்றான். கீழே இருந்த மாஸ்டருக்கு எம்டி சால்னா என்றால் ஆட்டெலும்பு போட்டுக் கொதிக்கவைத்து, துண்டுகளை மட்டும் விலக்கிய குழம்பு. கேட்டதைக் கொடுத்தார். குருசாமி திருப்தியாகச் சாப்பிட்டு, இசக்கிமுத்துவை வாழ்த்திவிட்டு வேன் ஏறினார்.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், மாஸ்டர் சட்டியிலிருந்து எலும்பை அரித்து எடுப்பதைப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை. ஆனாலும் நேரே முதலாளியம்மாளிடம் போய் நின்றான்.

“அம்மா, தப்பு பண்ணிட்டேன். எம்டி சால்னான்னா எங்க பக்கம் சைவம்லா, அப்படி நெனச்சிட்டேன். நானே போயி சாமி கால்ல விழுதேன். ஹோட்டலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நான் செஞ்சதுன்னு சொல்லிட்டு அப்படியே ஊருக்குப் போயிருதேன். உங்க பேரு கெடாது.”

மானேஜர் ராஜரத்தினம் அவனைத் தடுத்தார். “யாரும் போக வேணாம்க்கா. அவரு தெரிஞ்சா சாப்பிட்டாரு? அறியாமச் சாப்பிட்டா தோஷம் இல்ல. நாம போயிச் சொன்னாத்தான் அந்த மனுசன் மனசு ஒடிஞ்சு போகும். பதினேழு வருசம்க்கா! பாவம் இருந்தா அது என்னோட இருக்கட்டும், அவரு நிம்மதியா மலை ஏறட்டும்.”

வியாபாரத்துக்காகச் சொன்னார் என்று அவசரப்படாதீர்கள். அந்த மனிதருக்குச் சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. என்னைக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

வேலுத்தாய் இசக்கிமுத்துவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “கீழ இருந்து எடுக்கக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொன்னாங்களாப்பா?”

“இல்லம்மா. நான் கார்த்திகை கழிஞ்சுதான சேந்தேன்.”

அவள் டிரைவரிடம் காரை எடுக்கச் சொன்னாள். இரண்டு பேரையும் கடையிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் போனாள். போகிற வழியில் லோயர் கேம்பில் தேநீருக்கு நின்றிருந்த வேனைப் பிடித்தாள். சாமிகள் எல்லோரும் பார்க்க, குருசாமியின் முன்னால் கைகூப்பி நின்றாள்.

“சாமி, எங்க கடையில உங்களுக்கு ஊத்துன சால்னா எலும்புல வெச்சது. எங்க ஆளுக்கு நாங்க சரியாச் சொல்லிக்குடுக்கல. தப்பு எங்க ஹோட்டலோடது.” இசக்கிமுத்துவின் பெயரை அவள் சொல்லவே இல்லை.

தன் பிழை என்று முன்வந்தவன் ஒருவன். பாவத்தைத் தான் சுமக்கிறேன் என்றவர் ஒருவர். குருசாமியின் மனம் உடையும் என்று தெரிந்தே போய்ச் சொன்னவள் ஒருத்தி. மூன்று பேரும் நல்லவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி?

விடை: வேலுத்தாய் செய்ததே சரி. இசக்கிமுத்துவின் நேர்மைக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அவனுக்கு விதியைச் சொல்லாமல் விட்டது ஹோட்டல், அந்தப் பங்கை அவன் தலையில் ஏற்றி ஊருக்கு அனுப்ப முடியாது. ராஜரத்தினத்தின் இரக்கமும் பெரியதுதான். ஆனால் விரதம் குருசாமியுடையது. அது முறிந்ததா இல்லையா என்று அவரைக் கேட்காமல் முடிவு செய்ய வேறு யாருக்கும் உரிமை இல்லை. குருசாமி அங்கேயே மாலையைக் கழற்றினார், ஏழு பேரையும் மூத்த சாமி ஒருவருடன் அனுப்பிவைத்தார், தாம் ஊர் திரும்பி மறுபடி மாலை போட்டு, நாற்பத்தொரு நாள் இருந்து, மாசியில் நடை திறந்தபோது மலை ஏறினார். லோயர் கேம்பில் வேலுத்தாய் காரில் ஏறும் முன் அவர் அவளிடம் சொன்னது இதுதான்: “விரதம் போச்சு தாயி, அத இன்னொரு தடவ இருந்துக்கலாம். என்னயப் பொய்யா மலை ஏறவிடாமக் காப்பாத்திட்டியே.”