பக்கத்து ஊரில் விளக்கு அணைந்தபோது

குழந்தைவேல் அடிகள் மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அமிர்தகடேசன் வந்து எதிரே அமர்ந்தார். அடிகள் வயதில் இளையவர்தான். ஆனாலும் அமிர்தகடேசன் அவரைக் குருவாக ஏற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

“சாமி, மணல்மேட்டில் விளக்கு எரியவில்லை. இடி விழுந்து இன்வர்ட்டர் போய்விட்டது.”

“கேள்விப்பட்டேன்.”

“அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.”

அடிகள் தலை நிமிர்ந்து பார்த்தார்.

“அன்றைக்கு மதியம் ஒரு கைப்பிடி சோறு கூடவே சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.”

அமிர்தகடேசனின் ஊர் கீழ்க்கரையூர். கடலோரத்து ஊர். கோடைக்குக் கோடை வெயில் கூடிக்கொண்டே வந்தது. கிணறுகளில் உப்பு ஏறியது. குடிநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் டீசலில் ஓடியது, தெருவெல்லாம் புகை. வெயிலிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்று அமிர்தகடேசன் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சிரித்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அவர் திரும்பவும் போனார். கடைசியில் ஊரே சேர்ந்து சமுதாயக் கூடத்தின் கூரைமேல் சோலார் தகடுகளை ஏற்றியது. குடிநீர் இயந்திரத்துக்கு டீசல் தேவைப்படவில்லை.

பிறகு பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் மணல்மேட்டிலிருந்து இருதயமேரி வந்தாள். மீன் விற்கும் பெண்களின் சங்கத் தலைவி. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அமிர்தகடேசனும் ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த மீன்பிடிக் காலத்துக்குள் மணல்மேட்டிலும் தகடுகள் வந்துவிட்டன. அதோடு ஐஸ் போடும் இயந்திரமும். அங்கே மீன் கெடுவது நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், விழா நடந்தது. விழாவில் அமிர்தகடேசனுக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. மேடையில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் அவர் மனைவியே, மேரி கடை மீன்தான் மீன் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பாலத்தின் வழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போனார். மொட்டை மாடியில் படுத்தால் மணல்மேட்டு விளக்குகள் கண்ணில் படுகின்றன என்று கட்டிலை மறுபக்கம் திருப்பிப் போட்டார்.

இடி விழுந்த மறுநாள் காலையில் இருதயமேரி அவர் வீட்டுக்கே வந்தாள். “அண்ணே, இன்வர்ட்டர்ல ஒரு போர்டு போயிடுச்சாம். உங்ககிட்ட இருந்தா குடுங்க. ஐஸ் எல்லாம் கரையுது.”

பட்டணத்திலிருந்து வரவழைக்க வேண்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மாலை மணல்மேட்டுப் பெண்கள் கூடை கூடையாக மீனைக் கொண்டுபோய் மணலில் புதைத்ததாகச் செய்தி வந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்து அமிர்தகடேசன் அடிகளின் முகத்தைப் பார்த்தார்.

“போர்டு எங்கே கிடைக்கும்?” என்று அடிகள் கேட்டார்.

“என் அலமாரியிலேயே ஒன்று இருக்கிறது, சாமி.”

“கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.”

“உள்ளே இவ்வளவு பொறாமையை வைத்துக்கொண்டு போனால் அது நடிப்பாகிவிடாதா? மனசு சுத்தமாகட்டும் என்று பார்க்கிறேன்.”

“மனசு மெதுவாக வரட்டும். போர்டு முதலில் போகட்டும்.”

அமிர்தகடேசன் போனார். பாலத்தின் வழியாகவே போனார். போர்டை மாற்றி முடித்ததும் ஐஸ் இயந்திரம் உறுமத் தொடங்கியது. இருதயமேரி பெரிய வஞ்சிரம் ஒன்றை இலையில் சுற்றி அவர் கையில் வைத்தாள்.

அவர் திரும்பி வந்தபோது அடிகள் ஆய்ந்த கீரையை அலசிக்கொண்டிருந்தார். அமிர்தகடேசனின் முகம் போனபோது இருந்ததைவிடக் கறுத்திருந்தது.

“எரிகிறதா?”

“விளக்கு எரிகிறது. வயிறும் எரிகிறது.”

அமிர்தகடேசன் மறுபடியும் எதிரே உட்கார்ந்தார்.

“ஓடக்கரையிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள், சாமி. அவர்கள் ஊரிலும் போடப்போகிறார்களாம். மேரி அவர்களுக்கு விளக்கிச் சொன்னாள். அத்தனையும் என் வார்த்தை. நான் கையை எப்படி ஆட்டிச் சொல்வேனோ அப்படியே ஆட்டிச் சொன்னாள். பக்கத்திலேயே நிற்கிறேன், இவரிடம் கற்றேன் என்று ஒரு சொல் வரவில்லை. அவர்களில் ஒருவர் என்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டு, கூரைமேல் ஏறிப் பார்க்க வேண்டும், ஏணியைக் கொஞ்சம் பிடி என்றார்.”

“பிடித்தீர்களா?”

“பிடித்தேன்.”

அடிகள் கீரையை இன்னொரு தண்ணீரில் அலசினார்.

“உங்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?”

அமிர்தகடேசன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்துச் சொல்லத் தொடங்கினார். திண்டிவனம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம். எதிரே ஓர் அரிசி ஆலைக் கூரையில் ஒருவர் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது என்னவென்று கீழிருந்து கேட்டதற்கு, மேலே வாருங்கள் என்று கூப்பிட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது. தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார்.

“ஊரில் சிரிப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், நீங்கள் திரும்பவும் போங்கள் என்று சொன்னதே அவர்தான், சாமி. அவர் இல்லையென்றால் எனக்கு இதெல்லாம் ஏது?” சொல்லச் சொல்ல அமிர்தகடேசனின் முகம் தெளிந்தது.

“அவர் பெயர் என்ன?”

அமிர்தகடேசன் வாயைத் திறந்தார். அந்த மனிதரின் நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. எலுமிச்சை ஊறுகாயின் ருசி நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். மறந்து போகவில்லை என்பது மெல்லப் புரிந்தது. அன்று பெயரை அவர் கேட்கவே இல்லை.



அடிகள் கீரைச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். தீயைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

“ஓடக்கரையில் எப்போது தொடங்குகிறார்களாம்? ஏணி பிடிக்க ஆள் வேண்டுமே” என்று கேட்டார்.